ஓட்டை விற்கிறவன்

கூரையில் ஓட்டை போட்டு விற்கிறேன்.
சுருக்கமாகச் சொன்னால் அதுதான் தொழில்.
விசிட்டிங் கார்டில் வேறு மாதிரி அச்சடித்திருக்கிறது.

கோரமாண்டல்.
சோழமண்டலம் கப்பலேறி, வாய் மாறி,
போர்ட் லூயிக்குத் தெற்கே
ஒரு தொழிற்பேட்டையாய் இறங்கிக் கிடக்கிற இடம்.
டி-ஷர்ட் தைக்கும் ஆலை. பழைய தகரக் கூரை.
பிப்ரவரி, பகல் இரண்டு மணி.
தகரத்தின் அடிவயிற்றில் கருவியைக் காட்டினேன்:
அறுபத்து மூன்று.
இஸ்திரி மேசையில் முப்பத்தொன்பது.
மேசைக்குப் பின்னால் நிற்பவளுக்கு எத்தனை என்று
காட்டும் கருவியை நான் கொண்டுவருவதில்லை.

முதலாளி குர்ப்பெனுக்குச் சுழலும் உருண்டைகள் வேண்டும்.
பன்னிரண்டு.
நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் மினுங்க வேண்டும்,
ஏப்ரலில் ஜெர்மனியிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள்.
ஒன்று சுற்றுவதைப் பார்த்தால் எவருக்கும்
ஏதோ நடக்கிறது என்று தோன்றும்.

நான் மறுக்கவில்லை. உருண்டைக்குக் கமிஷன் உண்டு.
இருந்தாலும் சொன்னேன்:
காற்றில்லாத மதியத்தில் அவை தலையசைக்கும், அவ்வளவுதான்.
உப்பில் மூன்றாம் வருஷம் பேரிங் கிறீச்சிடும்.
புயல் வந்தால், மூன்றாம் எண் எச்சரிக்கைக்குள்
ஒருவர் மேலேறிப் பன்னிரண்டு வாய்க்கும் மூடி கட்ட வேண்டும்.
யார் ஏறுவார்?
மின்விசிறியா, என்றார். கரண்ட் பில்லை நினைத்து அவரே சிரித்தார்.
முகடு நெடுகப் பிளந்து, மேலே தொப்பி வைத்து,
கீழிருந்து இழுத்தால் மூடிக்கொள்ளும் பலகையோடு ஒன்று இருக்கிறது.
விலை சொன்னதும் அவருக்குப் போன் வந்துவிட்டது.

அப்போதுதான் அவளைக் கவனித்தேன்.
மொர்ஷேதா, பங்களாதேஷ், பதினான்காம் மேசை.
தலைக்கு மேல் ஹேங்கரில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள்,
ஒரு முழம்.
வேண்டுதலா, என்று கிரியோலில் கேட்டேன்.
இல்லை, காற்று வந்தால் தெரியட்டும் என்று.
வந்ததா?
நோன்பு மாதத்தில் ஒரு தடவை,
யாரோ பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

நூல், தூக்குக்குண்டு கட்டினாற்போல்
நேராகத் தொங்கியது.
இஸ்திரியின் ஆவி எழுந்து, தகரத்தின் கீழ் திகைத்து,
வந்த வழியே அவள் கழுத்துக்கு இறங்கியது.

தென்கிழக்குச் சுவருக்குப் போனேன்.
துணிப் பொதிகள், ஆள் உயரம்.
இடுக்கில் கைவிட்டுத் தடவினால் மரப்பலகை.
பதினெட்டு ஜன்னல்கள்.
எப்போதோ நூல்கண்டு திருட்டுப் போனதாம்,
ஆணி அடித்துவிட்டார்கள்.

வாடை, தென்றல், கொண்டல், கோடை.
ஞாயிறு காலைக் கோயில் வகுப்பில் மனப்பாடம் செய்தவை.
தென்கிழக்குக்கு மட்டும் வாத்தியார் பெயர் சொல்லித் தரவில்லை.
இந்தத் தீவில் பெரும்பாலும் வீசுவது அதுதான்.
மலை தாண்டிக் களைத்து வந்து
இந்தச் சுவரில் முட்டி
பெயரில்லாமல் திரும்பிப் போகிறது.

மேலே எத்தனை வாய் திறந்தாலும்
கீழே மூக்கு அடைத்திருந்தால்...
இருபது வருஷமாக வாடிக்கையாளர் எவரிடமும்
நான் முடிக்காத வாக்கியம் இது.

இரவு விலைப்பட்டியல் எழுதினேன்.
ஒன்று: சுழல் உருண்டை, பன்னிரண்டு.
அடித்து எட்டாக்கினேன். மறுபடி பன்னிரண்டு.
இரண்டு: முகட்டுத் திறப்பு, நாற்பது மீட்டர், இழுத்து மூடும் பலகையுடன்.
இவற்றில் ஏதாவது ஒன்று, என்று குறித்தேன்.
மூன்று: தென்கிழக்குச் சுவரில் ஆணி பிடுங்குதல்.
விலைக் கட்டத்தில் என்ன போடுவது?
வெறுமனே விட்டால் அச்சுப்பிழை என்று நினைப்பார்.
ஒரு ரூபாய் என்று போட்டேன்.

குர்ப்பென் இன்னும் கூப்பிடவில்லை.
நேற்று ஆலையின் பின்தெரு வழியாகப் போனேன்.
கூரையில் ஒன்றுமில்லை.
சுவரில் ஒரே ஒரு ஜன்னல்
ஒரு சாண் வெளியே தள்ளியிருந்தது.
கீழே புல்லில் வளைந்த ஆணி ஒன்று.
எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்,
வேறு யார் கண்ணிலும் படுவதற்குள்.